மரத்தில் இல்லாத உருண்டைகள்

மரத்தில் என் உருண்டை ஒன்றுகூட இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன்.

கூடத்து மூலையில் ஜன்னலை ஒட்டி தங்கச்சி கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தாள். ஆளுயரத்துக்கு வெள்ளை மரம். அதில் நடுவே ஒரே ஒரு வெள்ளை வரி போட்ட சாம்பல் நிற உருண்டைகள் தள்ளித் தள்ளித் தொங்கின. எதிலும் பளபளப்பு இல்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு இடம்.

"என்னக்கா அப்படியே நின்னுட்ட? உள்ள வா," என்று பையை வாங்கினாள். "மரம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஜோடிக்கல போல."

"ஜோடிச்சு முடிச்சு ஒரு வாரம் ஆச்சு."

வருடத்துக்கு ஒன்றாகப் பதினோரு வருடம் அவளுக்கு உருண்டை செய்து அனுப்பியிருக்கிறேன். தெர்மாகோல் பந்தின் மேல் சாட்டின் துணியை இழுத்து ஒட்டி, குண்டூசியில் ஒரு பாசி, ஒரு சமிக்கி கோத்து, குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு பந்துக்கு நானூறு ஊசி பிடிக்கும். மேலே ஜரிகை வளையம், கீழே பாசிக் குஞ்சம். கட்டை விரலால் சுற்றித் தடவுவேன். இன்னொரு ஊசிக்கு இடமில்லை என்று விரலுக்குத் தெரிந்தால் வேலை முடிந்தது. நான் ஒரு லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க வெள்ளை, அதிலும் சுருக்கமே இல்லாத வெள்ளை. அறைக்கு வந்தால் கண் நிறத்துக்கு அலையும். அப்படி ஆரம்பித்ததுதான்.

இந்தத் தடவை நான் உருண்டை கொடுக்க வரவில்லை. ஒரு பதில் சொல்ல வந்திருந்தேன். நான் குடியிருக்கும் அறையை வீட்டுக்கார அம்மா தன் மகனுக்குக் கேட்கிறார். லாண்டரியில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு போய் ஒண்டிக்கொள்ளலாம். இரண்டு பேருமே குறட்டை. இல்லாவிட்டால் தங்கச்சி வீட்டுக்கே வந்துவிடலாம். "இங்க சின்ன ரூம் சும்மாதானே கெடக்கு, வந்துரு," என்று போனில் மூன்று முறை சொல்லிவிட்டாள். நாலு நாள் தங்கிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று வந்தேன்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வெளுத்த திரை. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், எதிலோ இடித்தது. குனிந்து இழுத்தேன். அட்டைப்பெட்டி. மேலே மார்க்கரால் 'அக்கா' என்று எழுதியிருந்தது.

பதினோரு உருண்டையும் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாக்ஸுக்குள், துவைத்த சாக்ஸ். ஒரு ஊசிகூட உதிரவில்லை, குஞ்சங்கள்கூடச் சிக்காமல் நீவி வைக்கப்பட்டிருந்தன. பெட்டிக்கு இந்தப் பக்கம் ஓடாத டேபிள் ஃபேன், அந்தப் பக்கம் கைப்பிடி போன சூட்கேஸ்.

பிடிக்காதவள் இவ்வளவு பத்திரமாக வைப்பாளா? பிடித்தவள் கட்டிலுக்கு அடியில் வைப்பாளா? யோசித்துக்கொண்டே அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். என்னையும் இந்த அறையில்தான் வைக்கப்போகிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலை தங்கச்சி வேலைக்குப் போய்விட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வாசல் மேஜையில் உட்காரும் வேலை. அவள் வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். சமையலறை அலமாரிகள் செய்து மாட்டுகிறவர். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். வீட்டில் அவள் அவரைக் கூப்பிடுவதே 'டேப்பு' என்றுதான்.

"தம்பி, நான் அனுப்பினதெல்லாம் ஒழுங்கா வந்து சேருதா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"எல்லாம் வந்துச்சு அண்ணி. அந்த நீலம் இருக்கே, மயில் கழுத்து நீலம், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"அப்படியா."

"மாட்டலாம்னுதான் நான் சொல்றேன். உங்க தங்கச்சிதான் மரம் ப்ளெயினா இருக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா." டம்ளரைக் கழுவினார். "நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து மறுபடி பார்த்தேன். நீலத்தில் எதுவுமில்லை. நான் நீலத்தில் செய்ததே இல்லை. பச்சை ஒன்று உண்டு. நாள் முழுக்க வண்ணப் பலகைகளோடு வேலை செய்கிறவர் பச்சையை நீலம் என்பாரா? இல்லாத உருண்டையைப் பிடிக்கும் என்கிறாரா?

சாயங்காலம் தங்கச்சியோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். நான் கேட்கவே இல்லை, அவளாகவே ஆரம்பித்தாள்.

"உன்னுத மரத்துல மாட்டலன்னு நெனச்சிருப்ப."

"நெனக்கலயே."

"பொய் சொல்லாத. டேப்புக்கு எல்லாம் வெறிச்சுன்னு இருக்கணும்க்கா. நாள் பூரா கலர் பலகையப் பாத்துட்டு வர்றாரா, வீட்டுல கண்ணுக்கு ரெஸ்ட் வேணுமாம். எனக்கு உன் உருண்டைன்னா உசிரு."

"எது ரொம்பப் பிடிக்கும்?"

ஒரு பட்டாணி கை தவறி மேஜைக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடினாள். வெகு நேரம் தேடினாள்.

"எல்லாமே," என்றாள் அடியிலிருந்து.

எனக்குத் தலை சுற்றியது. அவரைக் கேட்டால் அவள் என்கிறார், அவளைக் கேட்டால் அவர் என்கிறாள். சாப்பிடும்போது இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "இந்த மரம் யாரு ஐடியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் சேந்துதான்," என்றார் அவர்.

"ஆமா, சேந்துதான்," என்றாள் இவள்.

இப்போதெல்லாம் இப்படித்தான் பிடிக்கிறதோ என்னவோ. லாண்டரிக்கு வரும் ஹோட்டல் விரிப்புகளில்கூட முன்பு ஓரத்தில் பூ வேலை இருக்கும். இப்போது ஒரு கோடு இருந்தால் பெரிசு. உலகமே இஸ்திரி போட்ட மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தங்கச்சி ஒரு பொட்டலத்தோடு வந்தாள். ஒரு தெர்மாகோல் பந்து, ஒரு முழம் மங்கலான சாம்பல் சாட்டின்.

"இந்த மரத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பண்ணேன். உன் கையால ஒண்ணு தொங்குனா நல்லாருக்கும்ல?" என்று போனில் படங்கள் காட்டினாள்.

"இது என்ன?"

"மர வளையம். அதுல மூணு பாசி."

"மீதிப் பாசி எங்க?"

"அவ்வளவுதான் அக்கா."

"செய்யும்போது யாராவது கூப்பிட்டுட்டாங்களா?"

சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குத் தள்ளினாள். வெறும் கண்ணாடிக் குண்டு. அதன் மேல் ஒன்றுமில்லை. அதற்கு முந்நூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

சரி, செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். என் பாசி டப்பாவை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவேன். துணியை ஒட்டினேன். நடுவில் ஒரு வரி வெள்ளைப் பாசி குத்தினேன். சுற்றி வந்து சேர்ந்தது. தடவிப் பார்த்தேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை. எல்லா இடமும் காலி. முடிந்ததா, முடியவில்லையா? இடம் தீர்ந்தால் நிறுத்த எனக்குத் தெரியும். இடம் இருக்கும்போதே எங்கே நிறுத்துவது?

டேப்பு எட்டிப் பார்த்தார். "நடுவுல வேண்டாம் அண்ணி. கொஞ்சம் கீழ எறக்குனா ஸ்டைலா இருக்கும். மூணுல ஒரு பங்கு." டேப்பை எடுத்து அளந்தே காட்டினார்.

ஊசிகளைப் பிடுங்கிக் கீழே குத்தினேன். அங்கேதான் தப்பு செய்தேன். சாட்டினில் குத்திய இடம் மூடாது. நடுவில் சுற்றிலும் பொடிப்பொடியாக ஓட்டைகள். நான் செய்கிற உருண்டையில் அப்படி ஒரு ஓட்டை விழுந்தால் அதன் மேலேயே இன்னொரு பாசி வைத்துவிடுவேன், யாருக்கும் தெரியாது. இதில் மறைக்கப் பாசி வைத்தால் வரி இரண்டாகிவிடும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஆவி காட்டினேன், நகத்தால் நீவினேன், பாதி ஓட்டை அடைந்தது, பாதி அடையவில்லை.

ஞாயிறு காலை அதை நீட்டினேன்.

"சூப்பர்," என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில். ஒரே மூச்சில் வந்தது. தங்கச்சி வாங்கி மரத்தில் மாட்டினாள்.

பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், எது என்னுடையது என்று தெரியவில்லை. வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாம்பல். இப்போது மரத்தில் என் உருண்டை இருக்கிறது, ஆனால் எனக்கே தெரியவில்லை. பெட்டியில் இருப்பதாவது என்னுடையது என்று தெரிகிறது.

எனக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போய்ப் பச்சை உருண்டையைச் சாக்ஸிலிருந்து உருவிக்கொண்டு வந்து, நடுக்கிளையில் நானே மாட்டினேன். கிளை ஒரு சாண் தாழ்ந்தது.

இருவரும் வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

"இதத்தான் சொன்னேன் அண்ணி. மயில் நீலம்," என்றார் டேப்பு.

"அது பச்சைங்க," என்றாள் தங்கச்சி.

"பச்சையா? எனக்கு நீலமா தெரியுது."

"இந்தக் கண்ண வெச்சுக்கிட்டுத்தான் ஊர் வீட்டுக்கெல்லாம் அலமாரி மாட்டுறீங்க."

ஆக, அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை. நான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு அலங்கரித்துக்கொண்டு கிளம்பியவள் வழி தப்பி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது அந்த உருண்டை. என் கண்ணுக்கே. மாட்டாதவர்கள்மேல் நான் எப்படிக் கோபப்படுவது?

"எடுத்துறேன்," என்று கையை நீட்டினேன்.

"இருக்கட்டும் அக்கா. நல்லாத்தான் இருக்கு."

"ஆமா அண்ணி, இருக்கட்டும்."

மறுபடி ஒரே மூச்சு. அப்போதுதான் எனக்கு என்ன பயம் என்று ஓரளவு புரிந்தது. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. எது கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். நான் நாற்காலியை நகர்த்தினாலும், சத்தமாக இருமினாலும், குளியலறையில் என் துணியைக் காயப்போட்டாலும் இருக்கட்டும் என்பார்கள். நான் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். குறட்டை விடுகிற இரண்டு பெண்கள் தேவலை. பாதி ராத்திரியில் உதைத்தால் திருப்பி உதைப்பார்கள்.

"நான் ரூம் விஷயம் சொல்லணும்ல இன்னிக்கு," என்றேன்.

தங்கச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதில் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்தாள். "சொல்லு."

"நான் வந்தா உங்களுக்குச் சிரமமா?"

"இல்ல," என்றார்கள். இரண்டு பேரும்.

"பாரு, இதான். நீங்க ரெண்டு பேரும் கோரஸ் பாடுறீங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. பாப்பா, நீ மட்டும் சொல்லு. அவரப் பாக்காத. மரத்தப் பாரு. இதுல எது உனக்குப் பிடிக்கலயோ அத எடுத்துரு. எதா இருந்தாலும் சரி."

"அக்கா, எதுக்கு இப்ப..."

"எடு."

அவள் மரத்தருகே போனாள். பச்சை உருண்டையின் குஞ்சத்தை ஒரு விரலால் தொட்டாள். கேட்டிருக்கவே வேண்டாமோ என்று தோன்றியது. பேசாமல் டீ குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம்.

அவள் கை அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கிளைக்குப் போனது. ஒரு சாம்பல் உருண்டையைக் கழற்றினாள். திருப்பி என்னிடம் காட்டினாள். நடுவில் ஓட்டைகள்.

"இது நல்லாவே இல்லக்கா. கொசு கடிச்ச மாதிரி இருக்கு. நீ குடுத்தப்பவே சொல்லியிருக்கணும்."

டேப்பு தரையைப் பார்த்தார். "வரிய எறக்கச் சொன்னது நான்தான் அண்ணி."

"நீங்க சும்மா இருங்க," என்றேன். "அப்ப அந்தப் பச்சை?"

தங்கச்சி பச்சையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், இரண்டு அடி பின்னால் வந்தும் பார்த்தாள்.

"தெரியலக்கா. நெசமாவே தெரியல. பெட்டியத் தெறந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கும்போது அவ்வளவு அழகா இருக்கு. மரத்துல மாட்டுனா எனக்கு என்னவோ பண்ணுது. வருஷா வருஷம் மாட்டிப் பாப்பேன், எறக்கிருவேன். அவருமேல பழியப் போட்டுட்டேன்."

"நானும் உன்மேலதான் போட்டேன்," என்றார் டேப்பு.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவள்தான் முதலில் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நான் அந்தச் சாம்பல் உருண்டையை அவளிடமிருந்து வாங்கினேன். இரண்டு நாள் வேலை. மற்றது எதற்கும் பட்டிராத பாடு இதற்குப் பட்டிருந்தேன். நல்லாவே இல்லை என்று அவள் சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நாலு நாளில் முதல் முறையாக, அவள் சொன்னதைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"வர்றேன்," என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. சரியாகத்தான் சொன்னேனா என்று தெரியவில்லை.

"நெசமாவா?"

"வீட்டுக்கார அம்மாகிட்ட இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிருறேன். நாளைக்குக் கேட்டா மாத்திச் சொன்னாலும் சொல்லுவேன்."

டேப்பு அதற்குள் சின்ன அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ஃபேனையும் சூட்கேஸையும் வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி மரத்தின் முன்னால் நின்றாள்.

"இந்தப் பச்சைய இன்னிக்கு எறக்கிரவா, இருக்கட்டுமா?"

"எனக்கு என்ன தெரியும்," என்றேன். "உன் மரம்." போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.