முகத்துக்காரன்

பாதுகாப்பு ஆடிட் வந்தவர்கள் வேறெங்கும் நிற்காமல் ஏழாம் பிரஸ்ஸை நோக்கி நடந்தபோதே, யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று ஜுபைருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் தகடு அழுத்தும் அந்த மிஷினின் தலை இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார்கள். லைனில் எல்லோருக்கும் தெரியும்.

மதியம் கேண்டீனில் அவன் உட்கார்ந்ததும் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"ஏப்பா ஹீரோ, பறந்து போயி சொன்னியா, நடந்து போயி சொன்னியா?" என்றான் முனிவேல்.

எல்லாம் அந்தக் காமிக்ஸால் வந்தது. போச்சம்பள்ளிக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் ஜுபைர் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான். அதன் நாயகனுக்குச் சொந்த முகம் கிடையாது. தெருவில் போகிற எவனோ ஒருவனின் முகத்தை அணிந்துகொண்டு காப்பாற்றுவான், மறைந்துவிடுவான். அடி விழுவது முகத்துக்காரனுக்கு. "முகத்த எடுத்தவன் ஹீரோவா, குடுத்தவன் ஹீரோவா?" என்று ஜுபைர் லைனில் எல்லோரையும் கேட்டு உயிரை வாங்கியிருந்தான்.

அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்த ஒரே ஆள் அவனுடைய அறைத்தோழன் மாதவன். ஏழாம் பிரஸ்ஸில் நிற்பவன். போன வாரம் அவன் கையுறையின் நுனி மட்டும் மிஷினுக்குள் போனது. அடுத்த நாள் அவன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். என் முகத்தை அப்போதே தேர்ந்தெடுத்துவிட்டானா என்று ஜுபைர் யோசித்தான்.

சூப்பர்வைசர் பூபதி கூப்பிட்டார்.

"நீ இல்லன்னா இல்லன்னு சொல்லிடுப்பா. ஆனா யாருன்னு சொல்லணும்."

மாதவனின் பெயர் நாக்கு வரை வந்தது. ஜுபைர் அதை விழுங்கிக்கொண்டான். நெஞ்சுக்குள் மெல்லிய இனிப்பு ஒன்று பரவியது. இது மாதவனுக்காகவா, இல்லை, அந்தக் கதைக்குள் ஒரு இடம் கிடைத்ததற்காகவா? தன்னையும் அவனால் நம்ப முடியவில்லை.

"அப்ப ஐடி கார்ட கேட்ல குடுத்துட்டுப் போ. நாளைலேர்ந்து வர வேணாம்."

மாலை பஸ்ஸில் ஜுபைர் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்தான். மாதவன் ஏறினான்; இரண்டு சீட் முன்னால் முனிவேலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"இனிமே வேல தேடி ராயக்கோட்டை ரோட்டுலதான் பறக்கணும் நம்ம ஹீரோ!" என்றான் முனிவேல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாதவனின் சிரிப்புதான் மற்றவர்களுடையதை விட உரக்கக் கேட்டது. அவன் மட்டும் திரும்பவில்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, காற்று குளிர்ந்து வீசிக்கொண்டிருந்தது. மாதவனின் பிடரியிலிருந்து காலருக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.