ஏலத்தில் போன ஆல்ட்டோ

சனிக்கிழமை சாயங்காலம் போனில் அனுப்பிய குரல், ஞாயிறு ஆராதனையில் பாடிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஸ்தோத்திரப் பண்டிகையன்று எப்சிபாய் அம்மாளின் குரல் மட்டும் திரும்பவில்லை.

முழங்கால் தேய்ந்து, பாடகர் மாடத்தின் படி ஏற முடியாமல் போனதிலிருந்து அந்த அம்மாள் பாளையங்கோட்டையில் தன் வீட்டிலிருந்தே பாடி வந்தார். பாடகர் குழுவில் பாதிப்பேர் இப்போது அப்படித்தான். கொயர் மாஸ்டர் எட்வின் எல்லாக் குரல்களையும் ஒன்றுசேர்த்து, கோயில் திரையில் ஆளுக்கொரு சதுரத்தில் முகத்தையும் வைத்துவிடுவார். குரல் வெளியே போயிருக்கும் நேரத்தில் வீட்டில் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசி யாரைத் திருத்தப்போகிறோம் என்று எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

எப்சிபாய் அம்மாளுக்கு மட்டும் அதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் கணவர் துரைசிங்கத்துக்குக் கண் தெரியாது. மனைவியை அவர் குரலால்தான் அறிவார். குரல் இல்லாத நேரமெல்லாம் அவள் கோயிலுக்குப் போயிருப்பதாகவே எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் காபி கொண்டுவந்து தந்தது யார் என்று அவர் யோசித்ததில்லை. காபி வந்தால் குடிப்பார், அவ்வளவுதான்.

முதல் விளைச்சலைப் படைத்து ஏலம் விடுகிற அந்தப் பண்டிகையன்று நடந்தது இது. பாட்டு முடிந்ததும் உச்சத்தில் பாடுகிற சோப்ரானோக் குரல்கள் வழக்கம்போல முண்டியடித்துக்கொண்டு வெளியேறின. தணிந்து பாடுகிற ஆல்ட்டோவுக்கு எப்போதும் அடுத்தவருக்கு வழிவிடுகிற சுபாவம். எப்சிபாய் அம்மாளின் குரல் ஒதுங்கி நின்ற இடம், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில். கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டி, அதுவும் யாரோ படைத்த முதற்பலன்தான் என்று நினைத்து ஏலத்துக்கு எடுத்துவைத்துவிட்டார். சேவல் போனது, அடுத்துக் குரல் போனது. மரக்கடை அதிசயராஜ் விடாப்பிடியாகக் கேட்டு எடுத்துக்கொண்டார். கர்த்தருக்கென்று வைத்து ஏலம் போனதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஒருவர் கேட்டால், வெண்டைக்காய் கொடுத்தவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

துரைசிங்கம் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். கோயிலில் ஏதோ விசேஷக் கூட்டம் நீள்கிறது போலும் என்று இருந்தார். பிறகு ஒருநாள், சோறு பரிமாறிய கையின் பக்கமாக முகத்தைத் திருப்பி, "அம்மா, நீங்க யாரோ எவரோ, நல்லா பாத்துக்கிடுதிய. எம் பொஞ்சாதி வந்ததும் சொல்லுதேன், ஒங்களுக்கு ஒரு சேல எடுத்துத் தருவா" என்றார்.

எப்சிபாய் அம்மாள் அடுக்களைக்குப் போய் அழுதார். அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை. அதனால் அதுவும் கணவருக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் தன்னை வேற்றுப் பொம்பளை மாதிரி மரியாதையாக நடத்துவதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

மறுநாள் கணவரைக் கைப்பிடித்து மரக்கடைக்கு அழைத்துப் போனார். அதிசயராஜ் மனைவியை இழந்தவர், குணத்தில் தங்கம். இருவரையும் உட்காரவைத்து மோர் கொடுத்தார். தன் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு வெகுநாளாகிவிட்டதென்றும், இந்தக் குரல் வந்த பிறகுதான் இரவில் தூக்கம் பிடிக்கிறதென்றும் சொன்னார். காணிக்கைப் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பாவத்தைக் கட்டிக்கொள்ள முடியாது, எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்றார். அப்போது உள்ளறையிலிருந்து, "மாத்திர போட்டியளா?" என்றது குரல்.

துரைசிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். "ஏட்டி, இங்கயா இருக்க? வா, வீட்டுக்குப் போவோம்."

"நான் இந்த வீட்டுலல்லா இருக்கேன் அண்ணாச்சி" என்றது குரல், யாரோ வழிகேட்க வந்தவருக்குச் சொல்வதைப் போல.

இருவரும் வீடு திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது துரைசிங்கம், அழைத்துப் போனதற்காகப் பக்கத்திலிருந்த அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னார்.

இது இப்படியிருக்க, எட்வினுக்கு வேறொரு தலைவலி. கிறிஸ்மஸ் பாட்டில் ஓரிடத்தில் நாலு பாகமும் சேர்ந்தாற்போல் நின்று, ஒரு மூச்சு நேரம் ஓய்வு வரவேண்டும். கோயிலில் பாடினால் தானாக வந்துவிடும். வீடுகளிலிருந்து பாடினால் அந்த இடத்தில் ஒருவர் வீட்டுக் குக்கர் கூவுகிறது, இன்னொருவர் வீட்டு நாய் குரைக்கிறது, மூன்றாமவர் வாசலில் மீன்காரர் ஹாரன் அடிக்கிறார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வீடுகளின் வாய்க்கும் இல்லைதான். யாராவது அந்த ஓய்வைத் தனியாகப் பாடித் தந்தால்தான் உண்டு.

எட்வின் நேரே எப்சிபாய் அம்மாளிடம் வந்தார். "ஒங்ககிட்ட இருக்க அமைதி இப்ப யார்ட்டயும் கெடையாதும்மா. அந்த ஒரு இடத்த மட்டும் பாடித் தாங்க" என்றார்.

அம்மாள் பாடி அனுப்பினார். முதல் தடவை கொஞ்சம் இழுத்துவிட்டதாகத் திரும்பி வந்தது. அடுத்ததில் சுருதி சற்றே இறங்கியிருந்ததாம். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான்தான், இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் போகவில்லை என்று மனசுக்குள் இருந்ததையெல்லாம் அந்த ஒரு மூச்சில் வைத்துப் பாடினார். அதை எட்வின் எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்மஸ் காலையில் கணவரின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஏறியது, இறங்கியது. துரைசிங்கம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது. நாலு பாகமும் நின்றன. குக்கர் இல்லை, நாய் இல்லை.

துரைசிங்கம் சட்டென்று கையை நீட்டிப் போன் பிடித்திருந்த கையைப் பற்றினார்.

"எப்சி, நீயாட்டி?"

அம்மாள் பேசாமல் இருந்தார்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றார் அவர். அப்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதார்.

மத்தியானம் பிரியாணிக்கு உப்புப் போதவில்லை என்று அவர் ஆரம்பித்தார். எப்சிபாய் அம்மாள் அடுக்களை வாசலில் நின்று, விடாமல் மௌனமாக இருந்தார். பேச்சு வளர்ந்து, டாக்டர் சொன்ன பத்தியத்துக்கும் அங்கிருந்து துரைசிங்கத்தின் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கும் போனது.

"சத்தம் போடாதட்டி, தெருவே கேக்கு" என்றார் துரைசிங்கம்.

பக்கத்து வீட்டம்மா எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.