எப்சிபா அம்மாளின் கடைவாய்ப் பல்

எப்சிபா அம்மாளை ஞானசிகாமணி கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை, நூற்றுப் பதினேழாவது சோதனையில். அன்று காலை அதற்கு முன்பே நூற்றுப் பதினாறு முறை பார்த்திருந்தார்.

அவர் வேலை பார்த்த நாகர்கோவில் கம்பெனி, பல் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்தது. தினமும் ஒன்பதரைக்குச் சோதனைகள் தாமாக ஓடத் தொடங்கும். ஒவ்வொரு சோதனைக்கும் தரவுத்தளத்தில் அதே கற்பனை நோயாளியைச் சேர்ப்பார்கள். உடனே எப்சிபா அம்மாள், வயது ஐம்பத்திரண்டு, கன்னத்தைப் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்காருவார். சோதனை முடிந்ததும் தரவு அழியும், நாற்காலி காலியாகும். அடுத்த சோதனைக்கு மறுபடி படியேறுவார். முன்பு வந்தது நினைவிருக்காது.

ஆரம்பத்தில் ஞானசிகாமணியைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். ஒன்பது வருடத்தில் அது அண்ணாச்சி ஆகிவிட்டது.

“டாக்டர் வந்தாச்சா அண்ணாச்சி? உயிர் போகுது.”

“உள்ளதான் இருக்காரு. உக்காருங்கம்மா.”

உள்ளே இருந்தவர் சோதனைக்கென்று வைத்த மாற்று டாக்டர். எதைக் கேட்டாலும் “சரி” என்பார், கேட்டது நடந்துவிடும். ஆனால் சோதனைகள் அவரிடம் தேதியையும் தொலைபேசி எண்ணையும்தான் கேட்டன. பல்லைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை அம்மாளின் கன்னம் வீங்கியிருந்தது. கடைசிச் சோதனையில் பல்லைப் பிடுங்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாமா என்று மேலாளர் ஜெசிந்தாவிடம் ஞானசிகாமணி கேட்டார்.

“தரவை அழிச்சா திரும்ப வைக்கலாம் சார். பல்லுக்கு நம்ம தரவுத்தளத்துல அட்டவணையே கிடையாது. பிடுங்கினா பிடுங்கினதுதான்” என்றாள் ஜெசிந்தா. “வலி போயிட்டா அந்தம்மா எதுக்கு வரப்போறாங்க? அப்புறம் சுவரோடதான் பேசணும் நீங்க.”

ஞானசிகாமணி டீயைக் குடித்து முடித்தார். பிறகு அந்த வரியைத் தட்டச்சு செய்தார்.

நூற்றுப் பதினேழாவது சோதனையில் உள்ளே ஒரு “சரி” கேட்டது. எப்சிபா அம்மாள் நாக்கால் ஈறைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

“வலியே இல்ல அண்ணாச்சி! இனி இந்தப் படி ஏறி எனக்கு ஆகவேண்டியது ஒண்ணுமில்ல பாத்துக்கிடுங்க.”

“நல்லதும்மா. பாத்து இறங்குங்க.”

நான்காவது படியில் அவருடைய தரவு அழிந்தது.

மறுநாள் ஒன்பதரைக்குச் சோதனைகள் ஓடின. யாரும் படியேறவில்லை. காலி நாற்காலி பெயரையும் வயதையும் சரியாகச் சொன்னது. நூற்றுப் பதினேழும் தேறியதாகத் திரையில் பச்சை. முடிய வழக்கத்தைவிடப் பன்னிரண்டு நிமிடம் குறைவாகவே ஆனது. ஜெசிந்தா திரையைப் பார்த்து, “நல்ல வேகம் சார்” என்றாள். அவருக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

இப்போதும் சோதனைகள் முடிந்தால் தரவுத்தளத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. அன்று பிடுங்கிய பல் மட்டும் அவர் மேசையில் இருக்கிறது. காலையில் அதற்கு லேசாக வலிக்கும்.