சம்பந்தம் வாங்கிய அலுமினியத் தகடு

என் வீட்டுக்காரர் சம்பந்தம் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போக ஒரு சின்ன வண்டி செய்யப்போவதாகக் கிளம்பினார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. கன்னியாகுமரி வரை போகலாம், எந்த லாட்ஜ் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் இரும்புச் சட்டம் தயாராகிவிட்டது. அதன் மேல் போர்த்த எந்த அலுமினியத் தகடு வாங்குவது என்பதுதான் பாக்கி. அதை ஊரெல்லாம் கேட்டார்.

வெல்டிங் கடையில் கேட்டார். மெட்ரோ வேலைக்கு வந்த மேஸ்திரியைக் கேட்டார். தண்ணீர் கேன் போடுகிறவரைக்கூட விடவில்லை. வானகரம் ஃபிளாட்டில் இருக்கும் மாப்பிள்ளை கிஷோரை தினமும் போனில் கேட்டார். கிஷோருக்கு ஐடி வேலை. தகடு என்றால் அவருக்கு லேப்டாப் மூடிதான் தெரியும். என்னை மட்டும் கேட்கவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அலுமினியத் தகடு செய்யும் கம்பெனியில், பரிசோதனை அறையில் இருபத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவள். ஒவ்வொரு தகட்டுக் கட்டிலிருந்தும் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டி, வைஸ் இடுக்கியில் இறுக்கி, சுத்தியலால் மடக்கி, மடிப்பின் வெளிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் மொத்தக் கட்டும் திரும்பிப் போகும்.

ஊர் சுற்ற எனக்கும் ஆசைதான். அத்தனை வருஷமும் ஏழரை மணி மின்சார ரயிலைத் தவிர வேறெதிலும் போகாதவள் நான். அதனால் மனசுக்குள் ஒன்று முடிவு செய்தேன். இந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி என்னிடம் கேட்டால் போதும், ஏறி உட்கார்ந்துவிடுவேன். கேட்காவிட்டால் ஏறமாட்டேன். அற்பப் புத்தி என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

பூந்தமல்லியில் தகடு வாங்கப் போனபோது, வரும் வழியில் காய்கறி வாங்கலாம் என்று நானும் போனேன். கடைக்காரரைப் பார்த்தால், எங்கள் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்த ஆனந்தன்.

“மேடம், நீங்களா! குந்துங்க மேடம்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சம்பந்தத்திடம் திரும்பி, “சார், மேடம் ஓகே சொல்லாம ஒரு தகடு கம்பெனி கேட்டத் தாண்டாது. நாங்கல்லாம் அவங்க மூஞ்சியவே பாத்துகினு நிப்போம்” என்றார்.

சம்பந்தம் சிரித்தார். “இன்னா நைனா சொல்ற, இவ அங்க நோட்டு எழுதிகினு இருந்தா.”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. தினமும் சாயங்காலம் கையில் வெட்டுக்காயத்தோடு வந்தேனே, நோட்டு எழுதினால் கை வெட்டுமா? அதைக்கூட யோசிக்காத மனுஷனோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஆனந்தன் சங்கடத்தோடு, “வளைவா செய்றீங்கன்னா ஐம்பது ஐம்பத்திரண்டு நம்பர் ரகம் எடுத்துக்குங்க சார். மேடத்தயே கேளுங்களேன்” என்றார்.

“வேணாம்பா. மாப்ள எழுதிக் குடுத்துகீறாரு. அறுபது அறுபத்தொண்ணு. ஏரோப்ளேனுக்குப் போடறது.”

நான் வாயைத் திறந்தேன். “அது முரட்டு ரகங்க. ஓரத்த மடிச்சா புட்டுக்கும். ஒரு துண்டு வளைச்சுப் பாத்துட்டு வாங்குங்க.”

“சும்மா கெட வசந்தா. சமையக்கட்டு சமாச்சாரமா இது?”

வாங்கிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிஷோர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். முதல் தகட்டின் ஓரத்தைச் சட்டத்தின் மேல் மடித்தார்கள். பாதி மடிப்பிலேயே அப்பளம் மாதிரி நொறுங்கிப் பிளந்தது. இன்னொன்றை எடுத்தார்கள். அதுவும் போனது.

“ஏமாத்திட்டான் பாரு, மட்டமான சரக்கு!” என்று சம்பந்தம் கத்தினார்.

“நல்ல தகடுதான். இந்த வேலைக்கு ஆவாத தகடு” என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூடு பண்ணி மடித்திருக்க வேண்டும், வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள் என்று கிஷோர் சொல்ல, சம்பந்தம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என்னிடம் வந்தார். “அந்த ஆனந்தன் உன்னப் பாத்தா எழுந்து நிக்கிறான். நீ ஒரு போனப் போட்டு மாத்திக் குடுக்கச் சொல்லு.”

இது கேள்வி இல்லை, உத்தரவு. அவருக்கு வேண்டியிருந்தது எனக்கிருக்கும் மரியாதை மட்டும்தான், எனக்குத் தெரிந்தது வேண்டாம்.

ஆனந்தனிடம் பேசினேன். எந்த ரகம், எவ்வளவு கனம் என்று சொன்னேன். தகட்டில் மெல்லிய கோடுகள் ஓடும், மடிப்பு அவற்றுக்குக் குறுக்கே விழ வேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறி போட்டு அனுப்பச் சொன்னேன். உடையாமல் மிச்சமிருந்த பழைய தகடுகளை முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார். புதுத் தகடு வேட்டி மாதிரி மடிந்தது.

“மாப்ளயும் நானும் பேசி ரகத்த மாத்திட்டோம்” என்று சம்பந்தம் தெருவெல்லாம் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டேன்.

தை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, “ஏறு வசந்தா” என்றார். வண்டி அழகாகத்தான் இருந்தது. வெயிலில் பளபளவென்று, ஓரிடத்தில்கூட நெளிவு இல்லாமல். தொட்டுப் பார்க்கக் கை துடித்தது.

“நான் வரல.”

“ஏன்?”

அந்த வண்டியைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று கேட்க.