வேலை செய்யுதா?

மதியம் இரண்டு மணிக்கு மேனேஜர் வந்து மேசைமேல் கை ஊன்றியபோதே பிளக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அந்த அலுவலகத்தில் எதை எதோடு இணைக்க வேண்டுமானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒட்டிய பெயர் அது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

“புகார் மெயிலுக்குப் பதில் எழுத ஏஜென்ட் ஒண்ணு வாங்கினோம்ல, அதை மாடலோட இணைச்சுடுப்பா. மூணே கட்டம். நிரப்பி முடிச்சுட்டுக் கிளம்பு.”

“மூணரைக்கு வீட்ல இருக்கணும் சார். நாலு மணிக்கு வீட்டுக்காரிக்கு டிரைவிங் டெஸ்ட். கார் என்கிட்ட இருக்கு.”

“அதான் சொல்றேனே, மூணே கட்டம்.”

மனைவி ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். இன்று போகாவிட்டால் அதுவும் தோல்விதான்; மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை. காலையில் கார் சாவியைக் கொடுக்கும்போது ‘மூணரை’ என்று மட்டும் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

ஏஜென்ட் என்பது ஒரு மென்பொருள்; அதற்குக் கை கால் உண்டு, மூளை கிடையாது. மெயிலைத் திறக்கும், பழைய புகாரைத் தேடும், பதிலை அனுப்பும். யோசிக்க மட்டும், எங்கோ தொலைவில் வேறொரு நிறுவனம் நடத்தும் செயற்கை நுண்ணறிவு மொழி மாடலிடம் போய் நிற்கும். முதல் கட்டத்தில் அந்த நிறுவனத்தின் இணைய முகவரி, அடுத்ததில் அவர்கள் கொடுத்த நீளமான ரகசியக் குறி, கடைசியில் மாடலின் பெயர். மூன்றையும் நிரப்பி ‘வணக்கம்’ என்று அடித்தான். ‘வணக்கம், என்ன உதவி வேண்டும்?’ என்றது. மணி இரண்டு பத்து.

அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“வேலை செய்யுது சார்.”

தன் கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்காத எதையும் நம்பாத அலுவலகம் அது. போன மாதம் லிஃப்டைச் சரிசெய்த அன்று, பதினோரு பேரும் மாறி மாறி ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் அதை மறுபடி படுக்க வைத்திருந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் மேனேஜர் குரல் வந்தது. “பிளக், செய்யலையேப்பா!”

திரையில் சிவப்பு எழுத்து: கோரிக்கைகள் அதிகம், சற்றுப் பொறுத்து முயலவும்.

ரகசியக் குறியை அழித்துப் புதிதாக வாங்கிப் போட்டான். முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தான். ஏஜென்ட்டை அணைத்து எழுப்பினான். ஒரு நிமிடம் பேசும், பிறகு அதே சிவப்பு. மணி மூன்றானது. மனைவி அழைத்தாள்.

“கிளம்பிட்டீங்களா?”

“கிளம்பிட்டே இருக்கேன்மா.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து கிளம்பிட்டேதான் இருக்கீங்க. நான் ஆட்டோல போறேன், நேரா டெஸ்ட் மைதானத்துக்கு வந்துடுங்க.” வைத்துவிட்டாள்.

அலுத்துப்போய், ஏஜென்ட்டிடம் யார் யார் என்ன கேட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். ‘வேலை செய்யுதா?’ ‘வேலை செய்யுதா?’ ‘இப்போ?’ கணக்காளர் மட்டும் கொஞ்சம் மரியாதையாக, ‘சாப்டாச்சா?’ இப்படி இருநூறு. ஒவ்வொரு கேள்விக்கும் ஏஜென்ட் திட்டம் போட, தேட, சரிபார்க்க என்று ஆறு முறை மாடலிடம் ஓடியிருந்தது. இவர்கள் வாங்கியதோ நிமிடத்துக்கு இருபது முறை மட்டும் கேட்க அனுமதிக்கும் சோதனைக் கணக்கு.

எழுந்து நின்றான். “ஒரே ஒரு நிமிஷம் யாரும் தொடாதீங்க. தொடுறதாலதான் நிக்குது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அரை நிமிடத்தில் பட்டியலில் புதிதாக ஏழு வரி. தொடாமல் இருந்தது பலித்ததா என்று பார்த்திருக்கிறார்கள்.

“நான் ஒரு தடவைதாம்ப்பா தொட்டேன்,” என்றார் கணக்காளர்.

“எல்லாரும் ஒரு தடவைதான் சார்.”

மணி மூன்று இருபது. திட்டக்கூடத் தெம்பில்லை. பையை மாட்டிக்கொண்டு உரக்கச் சொன்னான்: “சார், இது இன்னைக்குத் தேறாது. நாளைக்குப் பாக்கலாம்.”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்று கணக்காளர் நிம்மதியாகச் சாய்ந்தார். பதினோரு கைகளும் விசைப்பலகையிலிருந்து இறங்கின.

வாசலில் நின்று கைப்பேசியில் ஏஜென்ட்டுக்கு ‘வணக்கம்’ அடித்தான். ‘வணக்கம், என்ன உதவி வேண்டும்?’ படி இறங்கி ஓடினான்.

தேர்வு மைதானத்துக்கு மனைவி ஆட்டோவில் வந்து காத்திருந்தாள். நாலுக்கு நாலு நிமிடம் இருந்தது. அவள் காரைச் சுற்றி வருவதற்குள் மேனேஜரிடமிருந்து செய்தி: ‘பிளக்! வேலை செய்யுது! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.’ அதன் காலடியிலேயே இன்னொன்று: ‘இப்போ செய்யல.’

கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டான். மனைவி டிரைவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

“வண்டி நல்லாதானே ஓடுது?”

“ஓடுது,” என்றவன், கை தன்பாட்டில் சாவிக்குப் போக, “எதுக்கும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடட்டுமா?”

“இறங்குங்க முதல்ல.”

இறங்கினான்.