கதவில்லாத காரில் ஏறுவது எப்படி

1

இது கதையாக எழுதத் தொடங்கியதல்ல. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுக்கும் ராதா, 'கிட் கார் வைத்திருப்போருக்கான கேள்விகளும் ஆலோசனைகளும்' என்று இரண்டு பக்கம் கேட்டார். கிட் கார் என்றால், பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்து, வாங்கியவரே வீட்டுக் கராஜில் பொருத்திப் பூட்டி எடுக்கும் கார். என் தங்கை சிவகௌரி அப்படியொன்றைப் பூட்டியவள். ராதா முதலில் கேட்டது அவளைத்தான். "அண்ணை நல்லா எழுதுவார்" என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.

கேள்வி, பதில், கேள்வி, பதில் என்றுதான் எழுதிக்கொண்டு போனேன். நடுவில் என் மைத்துனர் வந்துவிட்டார். அவர் வந்தபின் அதைக் கட்டுரையாக வைத்திருக்க என்னால் முடியவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்கு அண்மையில் ஒரு செங்கல் வீட்டுக் கராஜில், அறுபது தாண்டிய பெண்ணொருத்தி காருக்கு அடியில் மல்லாந்து..."

வேண்டாம். படுத்திருந்தது உண்மைதான். ஆனாலும் என் தங்கையை வாசகருக்கு முதன்முதல் காட்டும்போது அவளுடைய இரண்டு பாதங்களையா காட்டுவது?

இரண்டாம் முயற்சி: "சிவகௌரி, பல் மருத்துவரிடம் நீண்டகாலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். பொறுமை, நிதானம், கைத்திறன் ஆகிய..."

இது மேடையில் பொன்னாடை போர்த்த முன் வாசிப்பது.

மூன்றாவது: அந்தக் காரை விரும்பியவர் அவளுடைய கணவர் தேவராஜா. பிள்ளைகளைக் கணக்கு வகுப்புக்கும் பரதத்துக்கும் நீச்சலுக்கும் ஏற்றி இறக்கியே அவருக்கு வயது போயிற்று. கடைசி மகளும் படிக்க மெல்பேர்ன் போனபின் ஒருநாள் சொன்னார்: "கௌரி, இனி எங்களுக்கு ரெண்டே ரெண்டு கதிரை உள்ள கார்தான். மூண்டாவது ஆள் ஏறேலாது."

பெட்டிகள் வந்திறங்கின. இரும்புச் சட்டகத்தை இருவருமாக நிமிர்த்தி வைத்தார்கள். எஞ்சின் வரமுன் அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. இடது கையும் காலும் சொல் கேட்காமல் போயின. மிச்சத்தை அவள் பூட்டினாள்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

கேள்வி: பிறேக்கை மிதித்தால் பிடிக்கிறது, காலை எடுத்தால் விடுவதில்லை. சக்கரம் சூடாகிறது. ஏன்?

இது சிவகௌரி இணையத்தில் கிட் கார்க்காரர்கள் கூடும் பக்கத்தில் கேட்டது. மெல்பேர்னில் ட்ருகனினாப் பக்கம் இருக்கும் கென் என்பவர் திருப்பிக் கேட்டார்: "உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைப் பூட்டும்போது என்ன பூசினீர்கள்?"

அவள் பூசியது தேங்காயெண்ணெய். எங்கள் வீட்டில் இறுகிக்கொண்ட எதற்கும் அதுதான். துருப்பிடித்த பூட்டு, தையல் மெசின், விரலில் மாட்டிய மோதிரம், எல்லாவற்றுக்கும். ரப்பர் உள்ளே போக மறுத்தபோது அவளுடைய கை தானாகவே போத்தலைத் தேடியிருக்கிறது.

"ஒண்டும் பூசேல்லை எண்டு எழுது," என்றேன். "சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணை. பிறேக் பிழைச்சு மதிலில போய் இடிச்சாலும் சிரிக்கும்தானே."

எழுதினாள். யாரும் சிரிக்கவில்லை. "என் மனைவியின் முகக் கிறீமைப் பூசியவன் நான்" என்று கென் பதில் போட்டார்.

பதில்: சமையல் எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும். ஊதினால் பிறேக்கை விடாது. எல்லா வளையங்களையும் கழற்றி எறியுங்கள். மற்றவற்றைத் துப்புரவாகக் கழுவிப் புதிய வளையம் போடுங்கள். பூசுவதானால் பிறேக் எண்ணெய் மட்டும், அல்லது பிறேக் ரப்பருக்கென்றே விற்கும் கிறீஸ்.*

* ராதா கேட்ட இரண்டு பக்கத்துக்கு இதுவே போதும். இங்கே நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதி.

4

என் பாத்திரம் ஒன்றில் எனக்கு ஐயம் வந்தது. முதல் பிரதியில் தேவராஜா கராஜ் வாசலில், சக்கர நாற்காலியில், புன்னகையோடு, மனைவி வேலை செய்வதைப் பார்த்தபடி இருந்தார். தங்கை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"ஆர் அண்ணை இந்தாள்? என்ர மனுசன் இப்பிடியே இருந்தவர்?"

அவள் கேட்டது நியாயம். ஆகவே திருத்துகிறேன். பேச்சு அவருக்கு மெல்லமாகத்தான் வந்தது. நக்கல் மட்டும் குறையவில்லை.

"அளவு பாத்து... இறுக்கு. இது கொடுப்புப்பல் இல்லை."

"தெரியும். நீங்கள் வாயை மூடுங்கோ."

"பல்லுக்கு... திறக்கச் சொல்லுவாய். காருக்கு மூடச் சொல்லுறாய்."

பரிசோதிக்கும் பொறியியலாளர் வந்தார். பிறேக்கை மிதித்தார், விட்டார், சக்கரத்தைக் கையால் சுற்றினார், தெருவில் ஓடலாமென்று கையெழுத்திட்டார். இலக்கத்தகடும் பூட்டியாயிற்று. அன்று சிவகௌரி கணவரைச் சக்கர நாற்காலியோடு காரின் இடப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்தக் காருக்குக் கதவில்லை. முழங்கால் உயரத்துக்குப் பக்கச்சுவர், அதற்குள் ஆழத்தில் கதிரை. சுவரைத் தாண்டிக் கதிரைமேல் ஏறி நின்று, காலை முன்னுக்கு நீட்டிச் சறுக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. இவ்வளவு காலமும் அவள் அப்படித்தான் ஏறி இறங்கினாள். அவருக்காகப் பூட்டிய காரில் அவர் எப்படி ஏறுவார் என்று மட்டும் நினைக்காமலே இருந்துவிட்டாள்.

அவர் காரைப் பார்த்தார். "நல்ல கார். நீ ஓடு. நான்... பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

5

கேள்வி: ஏறுவதற்காகப் பக்கச்சுவரை வெட்டலாமா?

பதில்: கூடாது. அதற்குள் ஓடும் இரும்புக் குழாய்தான் காரைக் கோணாமல் பிடித்திருக்கிறது. வெட்டினால் பொறியியலாளரின் கையெழுத்தும் போய்விடும்.

கால் வராதவரை எப்படி ஏற்றுவது என்ற அடுத்த கேள்வியை அவள் இணையத்தில் எழுதத் தொடங்கியபோது நான் தடுத்தேன். "மச்சானின்ர காலைப் பற்றி ஊருலகத்துக்கு எழுதாதை. அது வீட்டுக் கதை."

"பிறேக்குக்கும் மறைக்கத்தான் சொன்னனீங்கள்."

இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றைய என் கருத்து. இன்றும் அதுதான். அவள் என்னிடம் வாதாடவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"எழுதட்டோ?"

"எழுது. என்ர நிறையை மட்டும்... ரெண்டு கிலோ குறைச்சு எழுது."

ஒருவர், எஞ்சினை இறக்கும் சிறு கிரேனால் தூக்கலாம் என்று எழுதினார். நான் எழுந்துவிட்டேன். "கொக்கியில தொங்கவிடவோ எங்கட மச்சானை?"

தேவராஜா தோள் குலுங்கச் சிரித்தார். "எஞ்சினுக்கு வாரண்டி இருக்கு. எனக்கு... எப்பவோ முடிஞ்சுது."

கென் அதைக் கண்டித்திருந்தார். அந்தக் கிரேன் மனிதருக்கானதல்ல. அவருடைய வழி இது: நாற்காலிக்கும் பக்கச்சுவருக்கும் இடையே வழவழப்பான பலகை ஒன்று. கார்க் கதிரையில், சுவரின் உயரம் வரும்வரை மெத்தைகளை அடுக்குங்கள். பலகைமேல் நகர்ந்து மெத்தையில் அமரட்டும். கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுங்கள். பிறகு மெத்தைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.

மெல்பேர்னில், கிளேட்டனில் ஆராய்ச்சி செய்யும் கடைசி மகள் வினுஷா, கேட்டவுடனே வந்து சேர்ந்தாள். வந்ததும் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஓகே, ஏறிடலாம். அப்பா எப்பிடி இறங்கிறது?"

அதற்கு இணையத்திலும் பதில் இல்லை.

"முதல்ல ஏறுவம்," என்றார் தேவராஜா. "இறங்கிற கதை... ஏறினாப் பிறகு."

6

முடிவுகள்.

(அ) மெத்தைகள் போயின. அவர் கதிரைக்குள் இறங்கி அமர்ந்தார். சிவகௌரி எஞ்சினை முடுக்கினாள். பரமட்டா வரை காற்று முகத்தில் அடிக்கப் போய்... மலர் வாசகர்களுக்கு இது பிடிக்கும்.

(ஆ) பாதி மெத்தையில் அவர் "போதும்" என்றார். காரின் முன்கண்ணாடிக்கு மேலே தலை தெரிய, ஊர்வலத்தில் போகிறவர் போல அங்கேயே இருந்தார். அவளும் பக்கத்தில் ஏறி அமர்ந்தாள். கார் அசையவில்லை. உண்மையைச் சொன்னால் இதுதான் எனக்குப் பிடித்தது.

(இ) பலகை வழுக்கி

இல்லை. இதை எழுதமாட்டேன்.

நடந்ததை எழுதலாமே என்பீர்கள். அன்று சனிக்கிழமை காலை. எதிர்வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் ஸ்ரேசனுக்குப் போகிற சனம். கராஜ் கதவைச் சாத்தினால் காரைச் சுற்றி நிற்க இடம் போதாது, அதனால் திறந்தே இருந்தது. ஒரு மனிதரை மனைவியும் மகளும் பலகையில் தள்ளி ஏற்றுவதைத் தெரு பார்க்க வேண்டியதில்லை. கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பொன்றை எடுத்துவந்து, வாசலில் நின்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். முகம் தெருவுக்கு, முதுகு அவர்களுக்கு.

எதிர்வீட்டுக்காரி புல்வெட்டியை நிறுத்தி, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். துணி காயப்போடுகிறேன் என்றேன்.

பின்னால் பலகை கிறீச்சிட்டது.

"மெல்ல... மெல்ல இஞ்சாலை."

"கௌரி, உன்ர முழங்கை."

"அது முழங்கை இல்லை, கியர்."

"அம்மா, சிரிக்காமப் பிடிங்கோ!"

ஒரு மெத்தை என் காலடியில் வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. மச்சான் ஏதோ சொன்னார். அது எனக்குச் சொன்னதல்ல. நானும் காது கொடுக்கவில்லை.

எனக்குக் கை உளைகிறது. விரிப்பை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் இவ்வளவு தூரம் வாசித்துவந்த உங்களை இனித் தெருவில் போகிற ஆள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றால் குனிந்து, விரிப்புக்குக் கீழாலே உள்ளே போய்ப் பாருங்கள்.

நான் திரும்பமாட்டேன்.