துரை சொன்னதாகச் சொன்னது

கிள்ளான் சாலைச் செங்கல் சூளையின் துரைக்கு, இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடமாகியும் தமிழில் ஒரு சொல் வராது. வந்து என்ன ஆகப்போகிறது? அதற்குத்தான் கணக்கெழுதும் கிராணி சண்முகரத்தினம் இருந்தாரே. மாதம் ஒருமுறை, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் துரை மரப்பெட்டி மேல் ஏறி ஆங்கிலத்தில் பேசுவார். யாழ்ப்பாணத்துக்காரரான கிராணி பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வார்.

அதைத் தமிழில் சொல்வார் என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். "இந்தச் சோம்பேறி மாடுகளைப் பார்த்தாலே குமட்டுகிறது" என்று துரை சொன்னால், "உங்கட உழைப்பைப் பார்த்துத் துரைக்கு மனம் நிறைஞ்சு போச்சு" என்று கிராணியின் வாயில் வரும். துரைக்குத் திட்டும்போதும் உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கூலிகள் கைகூப்புவார்கள், துரையும் தலையசைப்பார், சூளை ஒரு மாதம் சண்டையில்லாமல் ஓடும். அந்த அமைதியைக் கொண்டுவந்தது தன் நாக்குத்தான் என்று சண்முகரத்தினத்துக்கு உள்ளூர ஒரே பெருமை.

யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினால் மட்டும், "தொரை தங்கமான மனுசன், இந்தக் கிராணிதான் போட்டுக் குடுக்கிறான்" என்று கூலிகள் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. பாவம், ஒரு நல்ல துரை இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாவது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம் கட்டட வேலைகள் எல்லாம் படுத்துவிட்டன. சுட்ட செங்கல் வாங்க ஆளில்லாமல் மழையில் பாசி பிடித்தது. ஒரு புதன்கிழமைப் பெரட்டில் துரை சுருக்கமாகப் பேசினார். சனிக்கிழமையோடு சூளை மூடப்படும். லயங்கள் இடிக்கப்படும். ஊர் திரும்புகிறவர்களுக்குச் சர்க்கார் செலவில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் போகிறது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் இடம்.

சண்முகரத்தினம் கூலிகள் பக்கம் திரும்பினார். இதை எப்படி இனிப்பாக்குவது? இனிப்பாக்கினால் இவர்கள் சாவார்கள். அன்றுதான் முதல்முறையாக, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

கூட்டம் துரையின் முகத்தைப் பார்த்தது. உதட்டில் அதே சிரிப்பு. பிறகு கிராணியைப் பார்த்தது. ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவரே லயத்துக்குப் போனார். சூளையில் மண் மிதிக்கும் அய்யாவுதான் அங்கே எல்லோருக்காகவும் பேசுகிறவன். அவன் மனைவி தனலெட்சுமி ஆறு மாதக் கர்ப்பிணி, குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள்.

"அய்யாவு, கேள். துரை நல்லவர் இல்லை. இவ்வளவு காலமும் நல்ல வார்த்தை எல்லாம் நான் போட்டுச் சொன்னது. அவர் சொன்னது வேறை."

அய்யாவு அவரை நிதானமாகப் பார்த்தான்.

"அப்ப இத்தன வருசமா எங்ககிட்ட பொய்தான் சொல்லியிருக்கீங்க. இன்னைக்கி சொல்றத மட்டும் எப்பிடிங்க நம்புறது? எங்கள கப்பல் ஏத்திட்டு ஒங்க ஆளுங்கள கொண்டாந்து வைக்கப் போறீங்க."

"பேரக் குடுத்துருவோமுங்க," என்றாள் தனலெட்சுமி படுத்தபடியே.

"தொரை வாயால கேக்காம குடுக்க மாட்டேன், புள்ள."

சனிக்கிழமை காலை ஐம்பது பேர் எலுமிச்சம்பழத்தோடு துரை பங்களாவுக்குப் போனார்கள். துரை படியில் நின்றார். அய்யாவு பழத்தை அவர் காலடியில் வைத்து, "தொரைய விட்டு நாங்க எங்கயும் போவ மாட்டோம்" என்றான். கிராணி அதை ஒரு சொல் மாற்றாமல் துரையிடம் ஆங்கிலத்தில் சொல்லி, மத்தியானம்வரை நேரம் இருக்கிறது, இவர்களிடம் நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொந்தமாகக் கெஞ்சவும் செய்தார்.

"போகாவிட்டால் பட்டினி கிடந்து சாகட்டும். பட்டியலை இப்போதே மூடு," என்றார் துரை, சிரித்தபடி.

சண்முகரத்தினம் அதையும் அப்படியே தமிழில் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"அந்த மொகத்தப் பாருங்கடா," என்றான் அய்யாவு. "அதுலேருந்து அப்பிடி ஒரு வார்த்த வருமா? கெராணி வேலைதான் இது."

எல்லோரும் துரையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். திங்கட்கிழமை லயத்தை இடிக்க ஆட்கள் வந்தார்கள். புதன்கிழமை கப்பல் இவர்கள் இல்லாமலே போனது. அந்த வாரமே துரையும் சீமைக்குப் போய்விட்டார். வேலையிழந்த சண்முகரத்தினம் பட்டணத்தில், பிரிக்பீல்ட்சில் உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, அங்கே கோயில் கஞ்சி வரிசையில் அய்யாவுவைக் கண்டார். எலும்பும் தோலுமாக, தனியாக நின்றான்.

"மனுசி எங்கை?"

"போயிச் சேந்துட்டாளுங்க. புள்ளையும் தங்கல." அவன் குரலில் பழைய கோபம்கூட மிச்சமில்லை. "தொரை மட்டும் இங்க இருந்திருந்தா எங்கள இப்பிடி விட்டுருப்பாராங்க?"

சண்முகரத்தினத்துக்கு அழுகை வந்தது. உண்மை நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவன் கையிலிருந்த வெறும் தகரக் குவளையைப் பார்த்தார்.

"விட்டிருக்க மாட்டார்," என்றார்.